கைபரை ஏன் அடைக்கவில்லை?
பெஷாவர் நகரின் வரலாற்றை வகுப்பறைக்குக் கொண்டுவருதல்

ஏழாம் வகுப்பில் வடமேற்கிலிருந்து வந்த படையெடுப்புகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் இந்தியத் துணைக்கண்டத்தின் வெளிக்கோட்டை வரைந்து, மேல் மூலையில் இரண்டு வளைகோடுகளை முதுகோடு முதுகு சேர்த்தாற்போல் போட்டு, பக்கத்தில் "கைபர் கணவாய்" என்று எழுதினேன். கடைசி வரிசையில் உட்காரும் ஒரு மாணவி எழுந்து நின்றாள்.

"டீச்சர், எல்லாரும் அந்த ஒரே வழியாத்தான வந்தாங்க? ஒரு சுவரக் கட்டி அடைச்சிருக்கலாம்லா?"

வகுப்பு சிரித்தது. "அவ்வளவு பெரிய மலையில் சுவர் கட்டுவது எளிதா?" என்று சொல்லி அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். சீனர்கள் அதைவிடப் பெரிய மலைகளில் சுவர் கட்டியிருக்கிறார்கள் என்று அதே மாணவி ஆறாம் வகுப்பிலேயே படித்திருப்பாள்.

இருபது ஆண்டுகளாக வரைபடத்தில் கைபரைக் குறிக்கச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஆனால் அந்தக் கணவாயின் வாயிலில் எந்த ஊர் இருக்கிறது, அங்கே யார் வாழ்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று ஒரு நாளும் வகுப்பில் பேசியதில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு கோடை விடுமுறை முழுவதும் பெஷாவரைப் பற்றிப் படித்தேன். படித்ததையும், அதை வைத்து மறு ஆண்டு வகுப்பில் செய்து பார்த்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம்

கைபர் என்றதும் பிள்ளைகள் மனத்தில் பனி மூடிய சிகரங்கள்தான் வருகின்றன. உண்மையில் கணவாயின் உச்சியான லண்டி கோட்டல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,070 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. கொடைக்கானலின் உயரத்தில் ஏறக்குறைய பாதி. பனியால் ஆண்டு முழுவதும் மூடிக் கிடக்கும் இடமும் அல்ல. மொத்த நீளம் சுமார் 50 கிலோமீட்டர். இரு பக்கமும் மரமில்லாத மொட்டைப் பாறை மலைகள். நடுவில் அலி மஸ்ஜித் என்னும் இடத்தில் மட்டும் பாதை மிகவும் ஒடுங்கிவிடுகிறது. சாலையை அகலப்படுத்துவதற்கு முன் அங்கே இரு பாறைகளுக்கும் இடையே சில மீட்டர்களே இடைவெளி இருந்தது.

இன்னொரு விவரம் என்னை வியக்க வைத்தது. கணவாய் என்றால் ஆறு அறுத்த வழி என்றுதான் நான் நினைத்திருந்தேன். காபூல் ஆறு கைபர் வழியாக ஓடவில்லை. கணவாய்க்கு வடக்கே தனக்கென ஓர் ஆழமான பள்ளத்தாக்கை வெட்டிக்கொண்டு வந்து சமவெளியில் இறங்குகிறது. அந்தப் பள்ளத்தாக்கில் படையும் வண்டியும் போவது கடினம். அதனால்தான் மனிதர்கள் ஆற்றை விட்டுவிட்டுப் பக்கத்து மலையில் ஏறி இறங்கினார்கள்.

கணவாயின் கிழக்கு வாய் ஜம்ரூத். அங்கிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் பெஷாவர். மூன்று பக்கம் மலைகள் சூழ்ந்த, நீர்வளம் மிக்க சமவெளியின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஊர். மலையில் இறங்கிவரும் ஒட்டகக் கூட்டத்துக்கு முதல் தண்ணீரும் முதல் தானியமும் முதல் சந்தையும் அங்கேதான். மேற்கே போகிறவர்களுக்குக் கடைசிச் சந்தையும் அதுதான். அதன் பழைய கடைத்தெரு ஒன்றின் பெயர் கிஸ்ஸா குவானி, அதாவது கதைசொல்லிகளின் கடைவீதி. வணிகர்கள் தங்கியிருந்து கதை கேட்ட இடம். இதைச் சொன்னதும் வகுப்பில் பாதிப் பேருக்கு அந்த ஊரைப் பிடித்துப்போயிற்று.

தென்காசி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவதில் எனக்கு ஒரு வசதி இருந்தது. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூர் போய்வராதவர்கள் எங்கள் வகுப்பில் குறைவு. ஐயப்பன் கோயிலுக்கோ ரப்பர் தோட்ட வேலைக்கோ யாராவது ஒருவர் போயிருப்பார். "செங்கோட்டையில் ஏன் இத்தனை கடை, இத்தனை லாரி?" என்று கேட்டால் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது, அதன்பின் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது என்பதையும் அவர்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டிருக்கிறார்கள். ஊர் அங்கேயேதான் இருந்தது, கோடுதான் நகர்ந்தது. பெஷாவரைப் புரிந்துகொள்ள இது ஒரு நல்ல படிக்கட்டு.

எல்லாரும் அந்த வழியாகத்தான் வந்தார்களா?

மாணவியின் கேள்வியில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதியையே நான் சரிபார்த்திருக்க வேண்டும்.

அலெக்சாந்தர் கைபர் வழியாக வந்தார் என்று எழுதித்தான் நான் பள்ளியில் மதிப்பெண் வாங்கினேன். ஆனால் கி.மு. 327இல் அவர் தம் படையை இரண்டாகப் பிரித்தார் என்பதைப் பண்டைய கிரேக்க வரலாறுகளே சொல்கின்றன. ஹெபைஸ்தியன், பெர்திக்காஸ் ஆகிய இரு தளபதிகளின் கீழ் ஒரு பெரும் பகுதி, மூட்டை முடிச்சுகளோடு, காபூல் ஆற்றை ஒட்டிய வழியில் சமவெளிக்கு இறங்கியது. அலெக்சாந்தர் இன்னொரு பகுதியோடு வடக்கே திரும்பி, குனார், பஜௌர், ஸ்வாத் பள்ளத்தாக்குகளின் மலைக்குடிகளோடு போரிட்டுக்கொண்டே வந்தார். ஏன் அந்தச் சுற்று வழி? வடக்கு மலைகளில் இருப்பவர்களை அடக்காமல் கீழே இறங்கினால் பின்னாலிருந்து தாக்குவார்கள் என்பதுதான் காரணம்.

இறங்கிய படை முதலில் முற்றுகையிட்ட நகரும் பெஷாவர் அல்ல. புஷ்கலாவதி, இன்றைய சார்சத்தா. பெஷாவருக்கு வடகிழக்கே இருக்கிறது. அந்தக் காலத்தில் அதுதான் இப்பகுதியின் பெரிய நகரம்.

முகம்மது கோரி முதலில் வந்தது தெற்கே இருக்கும் கோமல் கணவாய் வழியாக. நாதிர் ஷாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பாபர் 1525ஆம் ஆண்டின் இறுதியில் தம் கடைசிப் படையெடுப்புக்கு வந்தபோது உண்மையாகவே அலி மஸ்ஜித் வழியாகத்தான் வந்தார். வரும் வழியில் பெஷாவர் அருகே காண்டாமிருக வேட்டை ஆடியதாகத் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். இன்று அஸ்ஸாம் போன்ற சில இடங்களில் மட்டுமே காட்டில் பார்க்க முடிகிற விலங்கு அன்று பெஷாவர்ப் புல்வெளியில் இருந்திருக்கிறது! சுற்றுச்சூழல் பாடத்துக்கும் இது ஒரு கொக்கி.

ஆக, "எல்லாரும் ஒரே வழியாக வந்தார்கள்" என்பதே சரியில்லை. கைபர் அந்த மலைத்தொடரில் இருக்கும் பல வழிகளுள் வசதியான ஒன்று, அவ்வளவே.

நடுவில் இருந்த ஊர்

பெஷாவர் என்ற பெயருக்கு "முன்னால் நிற்கும் ஊர்" என்று பாரசீக மொழியில் பொருள் சொல்லும் வழக்கம் உண்டு. ஆனால் அதற்கு வெகு காலம் முன்பே அந்த ஊருக்குப் புருஷபுரம் என்று பெயர் இருந்தது. குஷாணப் பேரரசர் கனிஷ்கரின் தலைநகரம் அது. கனிஷ்கரைப் பற்றி நாம் நடத்தும்போது நான்காம் பௌத்த மாநாடு, காந்தாரக் கலை என்று இரண்டு குறிப்புகளோடு முடித்துவிடுகிறோம். தலைநகரம் ஏன் அங்கே என்று கேட்பதில்லை.

குஷாணர்களின் ஆட்சி மத்திய ஆசியாவிலிருந்து கங்கைச் சமவெளி வரை பரவியிருந்தது. வரைபடத்தில் அந்த எல்லையை வண்ணம் தீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பெஷாவர் எல்லையில் இருக்காது, ஏறக்குறைய நடுவில் இருக்கும். கணவாயின் இரு பக்கமும் ஒரே அரசின் கையில் இருந்தது. அப்போது கைபர் ஒரு வாசலும் அல்ல, காவல் நிலையும் அல்ல. ஒரு வீட்டின் இரண்டு அறைகளுக்கு நடுவே இருக்கும் நடை.

அந்த நடை வழியாக என்னென்ன போயின என்பதற்கு ஒரு சான்று. கணவாய்க்கு அப்பால், காபூலுக்கு வடக்கே பெக்ராம் என்ற இடத்தில் 1930களின் இறுதியில் பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் அகழ்ந்தபோது, அடைத்துக் கிடந்த இரண்டு அறைகளில் இந்தியத் தந்தச் சிற்பங்களும், ரோமானியக் கண்ணாடிக் கலங்களும், சீன அரக்குப் பாத்திரங்களும் ஒன்றாகக் கிடைத்தன. தந்தம் கிழக்கிலிருந்து மலையேறிப் போயிருக்கிறது. பெஷாவரிலேயே கனிஷ்கர் கட்டிய பெரிய தூபியைச் சுமார் கி.பி. 400இல் பாஹியானும், 630 வாக்கில் யுவான் சுவாங்கும் பார்த்து எழுதினார்கள். யுவான் சுவாங் வந்தபோது நகரம் தேய்ந்துபோயிருந்தது. 1908-09இல் அந்த இடத்தைத் தோண்டியபோது கனிஷ்கரின் பெயர் பொறித்த சிறு பேழை ஒன்று கிடைத்தது. அது இன்றும் பெஷாவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

படைவீரர்கள் நடந்த அதே பாதையில்தான் இந்தத் துறவிகளும் தந்தச் சிற்பங்களும் போயின. பாடத்தில் வாள் மட்டும் வருகிறது. இது என் குறை மட்டும் அல்ல என்று நினைக்கிறேன்.

இரு பக்கமும் ஒரே கையில் இருந்த நிலை உடைந்தால் என்ன ஆகும் என்பதை 1001 காட்டுகிறது. காபூல் பகுதியையும் சிந்துச் சமவெளியையும் சேர்த்து ஆண்டவர்கள் ஷாஹி மன்னர்கள். கஜினி அரசு வளர வளர அவர்கள் மலைக்கு அப்பாலிருந்த நிலத்தை இழந்துகொண்டே வந்தார்கள். கடைசியில் ஜெயபாலர் கஜினி மாமூதைச் சந்தித்தது கணவாயில் அல்ல, பெஷாவர்ச் சமவெளியில். 1001 நவம்பர் 27 அன்று நடந்த அந்தப் போரில் அவர் சிறைபிடிக்கப்பட்டார். மலைக்கு அந்தப் பக்கத்தைக் கைவிட்டபின் இந்தப் பக்கத்தில் நின்று கணவாயைக் காப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இது முதல் பாடம்.

மலையில் வாழ்பவர்கள்

இனி மாணவியின் கேள்வியின் இரண்டாம் பகுதி. சுவர்.

கைபரைச் சுற்றியுள்ள மலைகளில் வாழ்பவர்கள் பஷ்தூன் மக்கள். அவர்களுள் கணவாயை ஒட்டி வாழும் முக்கியமான குடியினர் அஃப்ரிதிகள். நாம் கணவாய் என்றால் ஆளில்லாத மலை இடுக்கு என்று நினைக்கிறோம். அது அவர்களுடைய ஊர். நிலம் வறண்டது. வழிப்போக்கர்களிடமும் வணிகர்களிடமும் வாங்கும் வழிப்பணம் அவர்களுடைய வாழ்வாதாரங்களில் ஒன்று. எந்தப் பேரரசு வந்தாலும் அதனிடமும் கேட்டார்கள்.

அக்பர் சிந்துவின் கரையில் அட்டோக் கோட்டையைக் கட்டினார், கைபர்ப் பாதையைச் சக்கர வண்டி போகும்படி செப்பனிடச் செய்தார். அதே காலத்தில், 1586இல், வடக்கு மலைகளில் யூசுப்சாய் குடியினருக்கு எதிராக அனுப்பிய படை ஒரு மலை இடுக்கில் சிக்கி அழிந்தது. பிள்ளைகளுக்கு நகைச்சுவைக் கதைகளில் மட்டுமே தெரிந்த பீர்பால் இறந்தது அந்தப் போரில்தான். இதை வகுப்பில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. "பீர்பால் நிஜமா டீச்சர்?" என்றான் ஒரு பையன்.

1672இல் அஃப்ரிதிகள் அய்மல் கான் தலைமையில் எழுந்தார்கள். காபூல் ஆளுநர் முகம்மது அமீன் கானின் படையைக் கைபரில் மடக்கி, தண்ணீருக்கு வழியில்லாமல் செய்து, ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். ஆளுநரின் குடும்பத்தினரே சிறைப்பட்டனர். பஷ்தூன் கவிஞரும் தலைவருமான குஷால் கான் கட்டக்கும் இந்த எழுச்சியில் சேர்ந்தார். ஔரங்கசீப் தாமே 1674இல் ஹசன் அப்தால் வரை வந்து தங்கினார். இறுதியில் பணமும் பதவியும் கொடுத்தும், குடிகளைப் பிரித்தும்தான் அமைதியைப் பெற்றார்.

இங்கே நம் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒரு கண்ணி இருக்கிறது. ஔரங்கசீப் தக்காணத்திலிருந்த தேர்ந்த படைகளை வடமேற்குக்கு நகர்த்த வேண்டி வந்ததால்தான் சிவாஜிக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது என்று வரலாற்றாசிரியர் ஜதுநாத் சர்க்கார் கருதுகிறார். சிவாஜி 1674இல் முடிசூடினார், 1677இல் தெற்கே வந்து செஞ்சியைப் பிடித்தார். செஞ்சிக் கோட்டைக்குச் சுற்றுலா போகும் பள்ளிகள் இந்தத் தொடர்பைச் சொல்லலாம். கைபர் மலையில் எறிந்த கல்லின் அலை செஞ்சி வரை வந்திருக்கிறது.

1738இல் நாதிர் ஷா வந்தார். முகலாய ஆளுநர் நசீர் கான் கைபரை அடைத்துக்கொண்டு நின்றார். மாணவி சொன்ன யோசனையைத்தான் அவர் செய்தார். ஆனால் அவருடைய வீரர்களுக்குச் சம்பளம் பல காலமாக வரவில்லை. டெல்லிக்கு எழுதிய கடிதங்களுக்குப் பயனில்லை. நாதிர் ஷா கணவாய்க்குள் போகவே இல்லை. தெற்கே சத்சோபி என்ற கடினமான மலைவழியில் இரவோடிரவாகச் சுற்றி வந்து, நவம்பர் 26 அன்று நசீர் கானைப் பின்னாலிருந்து தாக்கினார். மேற்கே பார்த்து நின்ற படைக்குக் கிழக்கிலிருந்து அடி விழுந்தது. அடுத்த ஆண்டு டெல்லி சூறையாடப்பட்டது.

உண்மையிலேயே தடுப்பு கட்டியதும் ஒருமுறை நடந்தது. கட்டியவர்கள் அஃப்ரிதிகள், வந்தது ஆங்கிலேயர்கள், வந்த திசை கிழக்கு! 1842 ஜனவரியில் காபூலிலிருந்து பின்வாங்கிய ஆங்கிலேயப் படை வழியிலேயே அழிந்தது. ஜனவரி 13 அன்று மருத்துவர் பிரைடன் காயங்களோடு ஜலாலாபாத் கோட்டையை அடைந்தார். அங்கே முற்றுகையில் சிக்கியவர்களை மீட்கப் பெஷாவரிலிருந்து போன முதல் படை கணவாயில் தோற்றுத் திரும்பியது. ஏப்ரல் 5 அன்று தளபதி போலக் மீண்டும் புறப்பட்டார். கணவாயின் வாயில் கல்லையும் மரக்கிளைகளையும் அடுக்கித் தடுப்பு போட்டிருந்தார்கள். போலக் அந்தத் தடுப்பை முட்டவில்லை. விடியும் முன்பே இரு பக்க மலைகளிலும் வீரர்களை ஏற்றினார். உச்சி கைமாறியதும் கீழே இருந்த தடுப்பைக் காக்க ஆள் இல்லை.

1878 நவம்பரில் அலி மஸ்ஜித் கோட்டையிலும் ஏறக்குறைய இதே கதைதான். முன்னாலிருந்து தாக்கியபோது கோட்டை விழவில்லை. சுற்றி வளைக்கப்படுகிறோம் என்று தெரிந்ததும் உள்ளே இருந்தவர்கள் இரவில் வெளியேறிவிட்டார்கள்.

மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: கணவாயைக் கீழே அடைக்க முடியாது. மேலே இருக்கும் மலை யாருடையதோ, கணவாயும் அவர்களுடையதே. அந்த மலையின் மக்களோடு உறவில்லாத சுவர் வெறும் கல்குவியல்.

கோடு விழுந்தபின்

பெஷாவர் நாம் இன்று அறிந்த பொருளில் "எல்லைப்புற ஊர்" ஆனது மிகவும் பிந்தியது. 1809இல்கூட ஆங்கிலத் தூதர் எல்பின்ஸ்டன் ஆப்கானிய மன்னர் ஷா ஷுஜாவைச் சந்தித்தது பெஷாவரில்தான். துரானி அரசர்களுக்கு அது குளிர்காலத் தலைநகரம். 1834இல் ரஞ்சித் சிங்கின் சீக்கிய அரசு பெஷாவரைத் தன்னோடு இணைத்தபோதுதான் கணவாயின் இரு வாய்களும் இரண்டு எதிரெதிர் அரசுகளின் கைக்குப் போயின. உடனே கோட்டைகள் எழுந்தன. தளபதி ஹரி சிங் நல்வா 1836இல் ஜம்ரூத் கோட்டையைக் கட்டினார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அங்கேயே போரில் விழுந்தார்.

1849இல் ஆங்கிலேயர் வந்தார்கள். 1879 கண்டமக் உடன்படிக்கையால் கணவாயின் கட்டுப்பாடு அவர்களிடம் வந்தது. 1893இல் டூரண்ட் கோடு வரையப்பட்டது, பஷ்தூன் மக்கள் இரு பக்கமும் பிரிந்தார்கள். ஆங்கிலேயர் கண்ட வழியும் முகலாயர் கண்டதுதான். அஃப்ரிதிகளுக்கு ஆண்டுதோறும் பணம் கொடுத்தார்கள். அவர்களையே சேர்த்துக் கைபர் ரைஃபிள்ஸ் என்ற படையை அமைத்தார்கள். வாரத்தில் குறித்த இரண்டு நாட்கள் மட்டும் வணிகக் கூட்டங்கள் காவலோடு கணவாயைக் கடக்க ஏற்பாடு செய்தார்கள். 1897 ஆகஸ்டில் அந்த உறவு முறிந்தபோது அலி மஸ்ஜித், லண்டி கோட்டல் நிலைகள் சில நாட்களில் வீழ்ந்தன. காவலில் நின்றவர்களும் அஃப்ரிதிகள், தாக்கியவர்களும் அஃப்ரிதிகள்.

1925 நவம்பரில் ஜம்ரூத்திலிருந்து லண்டி கோட்டலுக்கு ரயில் ஓடியது. 34 சுரங்கங்கள், 92 பாலங்களும் சிறு பாலங்களும். மலை செங்குத்தாக ஏறுமிடங்களில் ரயில் ஒரு திசையில் போய் நின்று, பின்பக்கமாகத் திரும்பி மேலேறும். படை கொண்டுபோகக் கட்டிய பாதையில் பெரும்பாலும் சாதாரணப் பயணிகள்தான் போனார்கள். பின்னாளில் வெள்ளம் பாலங்களை அரித்தபின் அதுவும் நின்றது.

இந்த ஊரின் வரலாற்றில் நான் அதிக நேரம் எடுத்து நடத்தும் நாள் 1930 ஏப்ரல் 23. கான் அப்துல் கஃபார் கான் கைதானதைத் தொடர்ந்து கதைசொல்லிகளின் அந்தக் கடைவீதியில் மக்கள் ஆயுதமின்றித் திரண்டார்கள். படை சுட்டது, பலர் இறந்தார்கள். கார்வால் படைப்பிரிவு வீரர்கள் சந்திர சிங் கார்வாலியின் தலைமையில் மக்களைச் சுட மறுத்துச் சிறை சென்றார்கள். அதே நாளில் இங்கே ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு சத்தியாகிரகிகள் நடந்துகொண்டிருந்தார்கள். ஏப்ரல் 13இல் புறப்பட்டு மாத இறுதியில்தான் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு நிகழ்வுகளையும் ஒரே காலக்கோட்டில் ஒட்டிக் காட்டுங்கள். "போர்க்குணம் கொண்டவர்கள்" என்று ஆங்கிலேயர் முத்திரை குத்திய மக்கள்தான் கஃபார் கானின் பின்னால் ஆயுதம் ஏந்தா உறுதிமொழி எடுத்தவர்கள். வீரர்கள், கொள்ளையர்கள் என்ற இரண்டே சொற்களில் அந்த மலையை அடைத்துவிடக் கூடாது என்று நான் நினைப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

1947க்குப் பின் பாகிஸ்தான் கைபர்ப் பகுதியிலிருந்து படைகளை விலக்கிக்கொண்டது. 1979க்குப் பின் ஆப்கானிய அகதிகள் பெருந்திரளாக அந்தக் கணவாயில் இறங்கிப் பெஷாவரைச் சுற்றி முகாம்களில் வாழ்ந்தார்கள். 2011 நவம்பர் முதல் 2012 ஜூலை வரை பாகிஸ்தான் தன் நிலவழிகளை நேட்டோ படைகளின் சரக்குக்கு மூடியபோது, டோர்க்கம் எல்லைச் சாவடி வழியாகப் போகவேண்டிய லாரிகள் மாதக்கணக்கில் நின்றன. சரக்கு வடக்கே மத்திய ஆசிய நாடுகளைச் சுற்றிப் போனது, கூடுதல் செலவில். 2014 டிசம்பர் 16 அன்று பெஷாவரில் ஒரு பள்ளிக்குள் புகுந்து 130க்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொன்றார்கள். ஆசிரியர்களும் இறந்தார்கள். இதை ஏழாம் வகுப்பில் சொல்லலாமா என்று தயங்கினேன். ஒன்பதாம் வகுப்பில் மட்டும், இரண்டு வாக்கியங்களில் சொன்னேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. பாடவேளை முடியும் வரை வரைபடத்தை வைத்துக்கொண்டு அமைதியாக இருந்தார்கள்.

வகுப்பில் செய்து பார்த்தது

மறு ஆண்டு இதே பாடத்துக்குப் பள்ளி மைதானத்தில் ஈரமணலால் ஒரு மாதிரி செய்தோம். ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் என்ற அளவு. கணவாய் 25 சென்டிமீட்டர் நீளம். ஜம்ரூத்திலிருந்து பெஷாவர் 8 சென்டிமீட்டர். அங்கிருந்து சிந்து நதிக்கரை அட்டோக் சுமார் 40 சென்டிமீட்டர். காபூல் ஆற்றுக்கு நீல நூல், மலைக்குடிகளின் ஊர்களுக்குப் புளியங்கொட்டை. புளியங்கொட்டையை மறந்துவிடாதீர்கள். முதல் முறை நான் அதை வைக்காமல் செய்தேன், மாதிரி வெறும் மலையும் வழியுமாக ஆகிவிட்டது, பிள்ளைகள் மறுபடியும் சுவரைப் பற்றியே பேசினார்கள்.

வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரித்தேன். மேற்கிலிருந்து வருபவர்கள், பெஷாவரை ஆள்பவர்கள், வணிகர்கள், மலையில் வாழ்பவர்கள். பெஷாவர்க் குழுவுக்குக் கையில் இருபது சோழிகள். அதைப் படைக்குச் செலவு செய்யலாம், சுவருக்குச் செய்யலாம், மலையில் இருப்பவர்களுக்குக் கொடுக்கலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் காரணம் சொல்ல வேண்டும். முதல் சுற்றில் எல்லாச் சோழிகளும் சுவருக்குப் போயின. மலைக்குழு மேற்கிலிருந்து வந்தவர்களுக்குப் பக்கத்து வழியைக் காட்டிவிட்டது. இரண்டாம் சுற்றில் பாதிச் சோழிகள் மலைக்குப் போயின. மூன்றாம் சுற்றில் வணிகர் குழு, "எங்களையும் அடைச்சுட்டா ஊர்ல யாருக்குச் சோழி வரும்?" என்று சண்டைக்கு வந்தது. இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

இரண்டு பாடவேளைகள் ஆயின. தேர்வுக்கு முன் அவ்வளவு நேரம் கிடைக்காது என்பவர்கள் கரும்பலகையிலேயே செய்யலாம். ஆனால் மலைக்குழு கட்டாயம் இருக்க வேண்டும். மதிப்பீட்டுக்கு "அலெக்சாந்தர் எந்தக் கணவாய் வழியாக வந்தார்?" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "நாதிர் ஷாவைத் தடுக்க நின்ற நசீர் கான் தோற்றதற்கு இரண்டு காரணங்களை மாதிரியில் காட்டுக" என்று கேட்டேன். எழுத்தில் தடுமாறும் மூன்று பேர் விரலால் மணலில் சரியாகக் காட்டினார்கள். கேள்வி கேட்ட மாணவி இப்போது எட்டாம் வகுப்பு. இடைவேளையில் வந்து மாதிரியைப் பார்த்தாள். சத்சோபி வழியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்த வழிய அவருக்கு யாரு டீச்சர் காட்டிருப்பாங்க?" என்றாள். புளியங்கொட்டைகளைக் காட்டினேன்.